குண்டானுக்குள் அடங்கிய கோடாலி

மூடி போட்டால் மூட வேண்டும். கோடாலி வாங்கப் போன இடத்தில் என் நாத்தனார் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். பேராவூரணிச் சந்தையில் கொல்லர் விரித்திருந்த சாக்கின் முன்னால், எனக்குச் சீராக வந்த அலுமினியக் குண்டானை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு கோடாலியாக எடுத்து அதற்குள் படுக்க வைத்து, மேலே மூடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடி நீண்டு மூடியைத் தூக்கினால் அந்தக் கோடாலி தள்ளுபடி. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணமாகி ஒரு பொங்கல்கூட முழுதாகக் கடக்காத புதுப்பெண் நான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன வாரம் என் கடைக்குட்டி மகள் சென்னையிலிருந்து கைபேசியில் மூன்று கோடாலிப் படங்களை அனுப்பியிருந்தாள். கூடவே குரல் செய்தி. "அம்மா, ஆபீஸ்ல நாங்க ஏழெட்டு பேரு சேர்ந்து மலையில டெண்ட் அடிக்கப் போறோம். தீ மூட்ட விறகு பிளக்கணும். இதுல எத வாங்கலாம், சொல்லு." ஒன்றுக்கு ஆரஞ்சு நிற ரப்பர் பிடி. ஒன்றுக்குத் தோல் உறை. இன்னொன்றின் பின்பக்கத்தில் சுத்தியல். நாற்பதைத் தொட்ட பெண் காசு கொடுத்து டேரா போடப் போகிறாளாம்! நாங்கள் வயிற்றுக்காக டேரா போட்டவர்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அந்தப் படங்களைப் பார்த்தேன். இதெல்லாம் குண்டானுக்குள் அடங்குமா என்றுதான் முதலில் தோன்றியது. நாத்தனார் போய்ச் சேர்ந்து இத்தனை காலமாகியும் அவருடைய கண்ணால்தான் நான் கோடாலியைப் பார்க்கிறேன்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்காள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கட்டியவர் பினாங்குக்குப் போனவர் போனவர்தான், ஒரு தகவலும் இல்லை. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜென்மம் இல்லை அவர். எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே இருக்கிறவர்கள் குடித்து மிச்சம் விட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதனால் தை பிறந்ததும் குடவாசல் பக்கத்து வயல்களுக்கு அறுப்புக்குப் போய், களத்தில் கூலியாக அளக்கும் நெல்லைக் கொண்டுவந்துதான் பாதி வருஷத்தை ஓட்டுவோம். அப்படிக் கூட்டாகப் போகிற ஆட்களைக் கொத்து என்போம்; எங்கள் கொத்துக்கு என் நாத்தனார்தான் தலைவி. ஆம்பளை ஆட்கள்கூட அவர் சத்தத்துக்கு அடங்குவார்கள். என் கணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அக்காள் இருமினாலே எழுந்து நிற்பார்.

கோடாலிக்கு ஏன் அத்தனை ஆர்ப்பாட்டம் என்றால், அதற்கு முந்திய வருஷத்துக் கதை ஒன்று உண்டு. நான் மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது. போன இடத்தில் பண்ணை வீட்டார் கொத்துக்குச் சமைக்க அரிசியும் உப்பும் கொடுத்து, விறகுக்கென்று பிளக்காத வேர்க்கட்டை ஒன்றை உருட்டிவிட்டிருக்கிறார்கள். நெல்லுச் சீமையில் வைக்கோல் மலை மலையாகக் கிடக்கும். விறகுக்குத்தான் பஞ்சம். நாத்தனார் கொல்லைப்பக்கம் போய்க் கோடாலி இரவல் கேட்டிருக்கிறார். "கோடாலியெல்லாம் வெளியில குடுக்கறதில்ல. நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா யாரு தேடி வர்றது?" என்றிருக்கிறார்கள். அன்றைக்குக் கொத்து முழுவதும் வைக்கோல் தீயில் வெந்தும் வேகாத சோற்றைத் தின்றது. திருடி என்று முகத்துக்கு நேராகச் சொல்லாமல் சொன்ன அந்த வார்த்தை அவருக்குள் ஒரு வருஷமாக வேகாமலே கிடந்திருக்கிறது. இனி எவன் வாசலிலும் கோடாலிக்கு நிற்பதில்லை, சமையல் குண்டானோடு நம் கோடாலியும் வர வேண்டும் என்று சபதம்.

"விறகு தறிக்கவாம்மா, பிளக்கவா?" என்று கேட்டார் கொல்லர். தறிக்கிறதுக்கு மெல்லிசான வாய், பிளக்கிறதுக்குப் பருத்த வாய் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். என் நாத்தனாருக்கு யாரும் விளக்கினால் பிடிக்காது. தென்னை மட்டையையும் பாளையையும் வெட்டிப் பழகிய ஊர்க்காரி அவர். மெல்லிசாகப் பளபளவென்று இருந்த ஒன்றையே எடுத்தார். குண்டானுக்குள் வைத்தார். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் பிறகு கொல்லர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. நான் மெதுவாக, "அண்ணி, பெருசா ஒண்ணு எடுத்தா நல்லா பிளக்கும்ல?" என்றேன்.

"தலையில வச்சுத் தூக்கிட்டு வரப்போறது நானா, நீயா?"

"நான்தான்."

"அப்பறம் ஏன் புள்ள பெருசு கேக்குற? கழுத்து சுளுக்கிக்கிட்டா எந்தம்பி இல்ல எண்ணெய் தேய்க்கணும்?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் பூமிக்குள் போய்விட்டேன். அவரோ பரீட்சை பார்க்கிறேன் என்று அருகே கிடந்த கட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார். "ஐயோ தாயி, அது நான் உக்கார்ற கட்ட!" என்று கொல்லர் அலறினார். கட்டை மாமரமோ என்னவோ, இரண்டாகப் பிளந்துகொண்டது. அதுவே சான்றாகிவிட்டது. கோடாலி எங்களுடையதாயிற்று.

சென்னையில் ஆட்சி மாறி, எங்கள் தெருமுனையில் புதுக் கொடிக்கம்பம் நட்டு, இனி ஏழைக்கு விடிந்தது என்று மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருந்த காலம் அது. குடவாசல் பக்கத்தில் கூலித் தகராறு என்று எங்கள் காதிலும் அரசல்புரசலாக விழுந்திருந்தது. வயலில் வேலை செய்தவர்கள் சங்கம் சேர்ந்து கூடுதல் நெல் கேட்கிறார்களாம், செங்கொடி நடுகிறார்களாம், அடிதடியாம், ஊருக்குள் போலீஸ் தங்கியிருக்கிறதாம். ஆனால் எங்களைக் கூப்பிட வந்த பண்ணையின் காரியக்காரர் இதையெல்லாம் மூச்சுவிடவில்லை. "அறுப்புக்கு ஆள் பத்தல. சீக்கிரம் வாங்க" என்றார். வழக்கமில்லாத வழக்கமாக லாரிகூட அனுப்பினார். எங்கள் பக்கம் அந்த வருஷம் பயிர் கருகிப்போயிருந்தது. குதிருக்குள் எலிகூட இல்லை. லாரி வந்ததை நாங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம்.

குடவாசல் தாண்டிப் போலீஸ்காரர்கள் லாரியை மறித்தார்கள். கோடாலி குண்டானுக்குள் துணி மூட்டைக்குக் கீழே இருந்தது. கேட்டால் சொல்ல நாத்தனார் ஒரு பொய்யைப் பக்காவாகத் தயார் செய்து வைத்திருந்தார். நான் அந்த மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த காரியக்காரர் தலையை நீட்டி, "நம்ம பண்ணைக்கு வர்ற ஆளுங்க" என்றார். அவ்வளவுதான். போ போ என்று கையை ஆட்டிவிட்டார்கள். ஒரு மூட்டையைக்கூட அவிழ்க்கச் சொல்லவில்லை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். நாத்தனாரின் முகம் மட்டும் சுருங்கிப் போனது. "நம்மள மாதிரி ஆளுங்கள போலீசு என்னைக்குப் புள்ள சும்மா விட்டிருக்கான்?" என்று என் காதுக்குள் சொன்னார்.

வாய்க்கால் கரையில் ஒரு மாந்தோப்பு. அதில் கீற்றைச் சாய்த்து டேரா போட்டோம். பக்கத்திலேயே வயல். கதிர் முற்றித் தலை சாய்ந்து, இன்னும் நாலு நாள் விட்டால் கொட்டிவிடும் போல நின்றது. எங்கள் வறண்ட ஊரிலிருந்து வந்த கண்ணுக்கு அது தங்கமாகத்தான் தெரிந்தது. அந்த நெல்லைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியதை மறைக்க மாட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூலிக்காரர்களின் தெரு. அங்கே சின்னக் குழந்தைகளின் சத்தம்கூட இல்லை.

காரியக்காரர் விறகுக்கு அனுப்பியது புளியங்கட்டை. கணுவும் முறுக்குமாக ஒரு எருமைக்கன்று அளவுக்கு இருந்தது. பொழுது சாய்வதற்குள் உலை வைக்க வேண்டும். நாத்தனார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோடாலியை ஓங்கிப் போட்டார். மெல்லிசு வாய் சரக்கென்று உள்ளே இறங்கிக் கவ்விக்கொண்டது. கட்டை பிளக்கவும் இல்லை, கோடாலி வரவும் இல்லை. ஆட்டினார், உதைத்தார், என் கணவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். கோடாலி அசையவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். "கொல்லர் சொன்னாருல்ல அண்ணி" என்று ஆரம்பித்தேன். அவர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டேன்.

அப்போது அக்கரையில் ஒரு சிரிப்புச் சத்தம். குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், முழங்கால் தண்ணீரில் இறங்கி எங்கள் பக்கம் வந்தாள். "அப்படி ஆட்டாதீங்கக்கா, பிடி ஒடிஞ்சிடும். கட்டையோட சேத்துக் கவுத்துத் தூக்குங்க" என்றாள். அவளும் நாத்தனாருமாகக் கட்டையைக் கோடாலியோடு தூக்கி, தலைகீழாகப் புரட்டி, கோடாலியின் பின்பக்கம் படும்படி அடிக்கல்லில் போட்டார்கள். கட்டையின் கனமே கட்டையைப் பிளந்தது. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவள் கோடாலியை எடுத்து வாயில் விரலை ஓட்டிப் பார்த்தாள். சட்டென்று கொடுக்க மனம் வராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க தெருவுல இப்ப ஒரு கோடாலி கெடயாதுக்கா. எல்லாத்தையும் போலீசு அள்ளிட்டுப் போயிட்டாங்க. அருவா, கோடாலி, மீன் ஆயிற அருவாமணை வரைக்கும். ஆம்பளைங்களையும் பாதிப்பேரக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." நாத்தனார் எதற்கு என்று கேட்டார். அவள் வயலைக் கை காட்டினாள். "இது நட்டது நாங்க. களை எடுத்தது நாங்க. கூலிய ஏத்திக் குடுங்கன்னு கேட்டோம். மாட்டேன்னுட்டு உங்களக் கொண்டாந்திருக்காங்க." குரலில் கோபமே இல்லை. அதுதான் எங்களைக் கொன்றது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தெருவுக்கே ஒரே அடுப்புல கஞ்சி காய்ச்சறோம். கட்டை கெடக்கு, பிளக்கத்தான் ஒண்ணுமில்ல. இத ஒரு பொழுது குடுங்கக்கா. விடிஞ்சதும் கொண்டாந்துடறேன்."

எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். கொடுத்தால் திரும்பி வராது என்றார் ஒருவர். போலீஸ் எங்களைப் பிடிக்கும் என்றார் இன்னொருவர். அந்தக் கோடாலியாலேயே எங்களை வெட்டுவார்கள் என்றும் ஒரு பேச்சு வந்தது. நாத்தனார் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "போன வருசம் இதே மாதிரி நான் போயி நின்னேன். அவங்க எனக்குச் சொன்னதையே இவளுக்கு நான் சொல்லணுமாடா?" என்றார். அவள் கோடாலியை முந்தானையில் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனாள்.

விடியற்காலையில் சொன்னபடி வந்தாள். கோடாலி கழுவித் துடைத்திருந்தது. தலையில் பிளந்த விறகுக் கட்டு ஒன்று. "இரவல் வாங்குனத வெறுங்கையாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்லக்கா" என்று அதை எங்கள் அடுப்படியில் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊரிலும் அதே பழக்கம்தான். அடுத்த வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்புவோம். கஞ்சிக்கு விறகில்லாத தெரு எங்களுக்கு விறகு கொடுத்தது. அந்த விறகில் உலை வைத்து, சோறு பொங்கி, எல்லோரும் சாப்பிட்டோம். அருவாளை எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தோம். முதலில் இறங்க வேண்டிய நாத்தனார் வரப்பிலேயே நின்றுவிட்டார்.

"அவங்க வெறகுல பொங்கித் தின்னுட்டு அவங்க வயல்லயே அருவாள வைக்கிறதா? நம்மளால ஆகாதுப்பா. மூட்டையக் கட்டுங்க."

நான் சும்மா இருக்கவில்லை. புதுப்பெண் என்ற அடக்கமெல்லாம் அங்கேயே போயிற்று. "நம்ம வீட்டுக் குதிர்ல என்ன கெடக்குன்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணி? ஆடி வரைக்கும் எதத் திங்கிறது?" என்று கத்தினேன். இன்றைக்கும் நான் கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பசிக்கு நியாயம் தெரியாது என்கிறார்கள். தெரியும். அதுவும் ஒரு நியாயம்தான். நாத்தனார் என்னைத் திட்டவில்லை. "தெரியும் புள்ள. கெழங்கு இருக்கு, தேங்கா இருக்கு, செத்துட மாட்டோம்" என்றார். கொத்தையே பட்டினிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்பது அவருக்குத் தெரியும்.

அதோடு விட்டாரா? புறப்படும்போது அக்கரைக்காரியைக் கூப்பிட்டு, கோடாலியைக் குண்டானுக்குள் வைத்து, மூடியைப் போட்டு, குண்டானோடு தூக்கிக் கொடுத்தார். "கஞ்சி காச்ச ஏனம்னு சொல்லு. எவனும் தொறக்க மாட்டான்." என் அப்பா வாங்கித் தந்த சீர்ப் பாத்திரம் அது. விளிம்பில் என் பேரும் பிறந்த ஊர்ப் பேரும் வெட்டியிருந்தது. "அண்ணி, அதுல எம்பேரு இருக்கு! போலீசு பாத்தா?" என்றேன். "பாக்கட்டுமே. சோத்துக் குண்டான்ல பேரு இருந்தா ஜெயில்லயா போடுவான்?" என்றார். திரும்பிப் போக லாரி இல்லை. மன்னார்குடி ரோடு வரைக்கும் வெயிலில் நடந்தோம். வழி நெடுக நான் அவரோடு பேசவில்லை.

ஊர் எங்களை வரவேற்ற விதத்தைச் சொல்லி மாளாது. வெறுங்கையோடு வந்த கொத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பெரிய தலைவி, தர்மம் பண்ணிட்டு வந்துட்டா என்று தண்ணீர்த் துறையில் குத்திப் பேசினார்கள். அடுத்த வருஷம் கொத்து வேறொருவர் பின்னால் போனது. என் நாத்தனார் பேராவூரணியில் தேங்காய் உரிக்கப் போனார். கையெல்லாம் கிழிந்து வருவார். வீட்டில் மரவள்ளிக் கிழங்கு வேகும்போதெல்லாம் நான் வேண்டுமென்றே, என் குண்டான் இருந்தா ஒரே தடவையா வேக வைக்கலாம் என்பேன். அவர் கேட்காதது போல வெற்றிலையை மடிப்பார். குத்திக் காட்டுவதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. அதே சமயம், தெருவில் வேறு யாராவது அவரைப் பேசினால் அவர்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

இரண்டு அறுப்பு கழிந்தது. ஒரு நாள் பட்டப்பகலில் எங்கள் தெருவுக்குள் ஒரு பெண் தலையில் பாரத்தோடு, வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தாள். தலையில் என் குண்டான். எனக்கு முதலில் குண்டான்தான் தெரிந்தது, பிறகுதான் ஆள் தெரிந்தது. ஏனத்தில் வெட்டியிருந்த ஊரைத் தேடி என் பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே விசாரித்து இங்கே வந்திருக்கிறாள். இறக்கி வைத்து மூடியைத் திறந்தாள். விளிம்பு வரைக்கும் நெல்.

"கூலிய ஏத்திக் குடுத்துட்டாங்கக்கா. இந்த வருசம் நாங்களே அறுத்தோம். அந்த வயலு நெல்லுதான். வெறும் ஏனமாக் கொண்டாரக் கூடாதுல்ல."

தெருவே கூடி நின்றது. இரண்டு வருஷமாக ஊர் பேசிய பேச்சுக்கெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் நாத்தனார், நடுத்தெருவில் குண்டானைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு அவர் நெல்லுக்குள் கையை விட்டுத் துழாவிக் கோடாலியை வெளியே எடுத்தார். வாயைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது. "என்னடி, மொத்தையா ஆக்கி வச்சிருக்கீங்க?"

"அந்த வாயி புளியங்கட்டைக்கு ஆகலக்கா. பட்டறையில குடுத்துப் பருமனா அடிச்சுட்டோம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றேன். ஈரக் கண்ணோடு என்னை முறைத்தார் பாருங்கள், அந்த முறைப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அன்றைக்குச் சாயங்காலம் அந்த நெல்லை எடுத்துக்கொண்டு, எங்களோடு வெறுங்கையாகத் திரும்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பங்கு வைத்தார். அதிகம் ஏசியவர் வீட்டுக்குத்தான் முதலில் போனார். எங்கள் பங்குக்கு மிஞ்சியது குண்டானின் அடியில் கிடந்ததுதான். அதைப் பொங்கித் தின்றோம்.

பின்னாளில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தபோது நான் அமைப்பாளர் ஆனேன். நாத்தனார் சமைக்க வந்தார். விறகு பிளந்தது அந்தக் கோடாலிதான். கேஸ் அடுப்பு வரும்வரை அதற்கு ஓய்வில்லை. நான் பெரியவளா அவர் பெரியவரா என்று தினம் ஒரு சண்டை. கடைசிவரை சாம்பார் உப்பில்கூட அவர் எனக்கு அடங்கவில்லை.

மகளுக்குப் பதில் அனுப்பினேன். மூன்றும் வேண்டாம், வீட்டில் ஒன்று இருக்கிறது என்று. சனிக்கிழமை காரில் வந்தாள். பரணிலிருந்து குண்டானை இறக்கி, மூடியைத் திறந்து, பழைய எண்ணெய்த் துணியைப் பிரித்துக் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். "அட, இது செம கச்சிதமா இருக்கும்மா. பையில அடங்கும்" என்றாள். குண்டான் வேண்டாம் என்றாள். அது எனக்குச் சம்மதம்தான். பேர் வெட்டிய பாத்திரம் ஒரு தடவை ஊர் சுற்றி வந்தது போதும்.

வாசலில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல டெண்ட் போட்டவங்க யாராவது கேட்டா குடு, என்ன?" என்றேன்.

"யாருன்னே தெரியாதவங்களுக்கா? திருப்பித் தரலைன்னா?"

வண்டி புறப்படத் தயாராக இருந்தது. இவ்வளவு கதையையும் அங்கே நின்று எப்படிச் சொல்வது?

"தருவாங்க," என்றேன்.